கணினி கேள்வி–பதில்: நீங்கள் செய்த ஸ்கின் அடுத்தவர் கணினியிலும் திறக்க வேண்டும்

சென்ற இதழில், மீடியா பிளேயர்களுக்கு ‘ஸ்கின்’ எனப்படும், நமக்குப் பிடித்த தோற்றத்தை நாமே வரைந்துகொள்வது பற்றி, பொதியாக்கும் முறையையும் சற்றுத் தொட்டு, எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்து சேர்ந்த கடிதங்களில் அநேகமானவை வரைவதைப் பற்றிக் கேட்கவில்லை. வரைந்து முடித்த ஸ்கின்னை ஒரே பொதியாகக் கட்டி இன்னொருவர் கையில் கொடுக்கும்போது ஏற்படும் சிக்கல்களைப் பற்றியே கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கோப்புகளின் பெயர்களை அச்சின் வசதிக்காகத் தமிழில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி: எனது அம்மம்மாவுக்குப் பார்வை குறைவு. காலையில் தேவாரமும் பின்னேரத்தில் பழைய பாடல்களும் அவர் தாமாகவே போட்டுக் கேட்பதற்காக, விஎல்சி பிளேயருக்குப் பெரிய பொத்தான்கள் கொண்ட ஒரு ஸ்கின் செய்தேன். எனது விண்டோஸ் மடிக்கணினியில் அது குறையில்லாமல் வேலை செய்கிறது. அம்மம்மா பாவிக்கும் கணினியில் தம்பி, லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவை நிறுவியிருக்கிறான். அதே பொதியை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் எனது ஸ்கின் வரவில்லை. வழமையான தோற்றமே வருகிறது. ஒரு படமும் விடுபடவில்லை என்று மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். எங்கே பிழை?
— வாசகி, உப்புவெளி

பதில்: உங்கள் எண்ணிக்கையில் பிழை இல்லை. நீங்கள் அனுப்பியிருந்த பொதியைத் திறந்து, அதில் எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் ‘தீம்.எக்ஸ்எம்எல்’ கோப்பை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். எல்லாப் படங்களும் பொதிக்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை நீங்கள் அழைக்கும் பெயருக்கும் அவற்றின் உண்மையான பெயருக்கும் இடையே விண்டோஸ் பொருட்படுத்தாத இரண்டு வேறுபாடுகள் இருக்கின்றன. உபுண்டு அவ்விரண்டையும் பொருட்படுத்துகிறது.

முதலாவது, சாய்கோடு. படங்கள் இருக்கும் கோப்புறையின் பெயரையும் படத்தின் பெயரையும் பிரிப்பதற்கு, விண்டோஸில் பழகிய கையால் ‘\’ என்ற கோட்டைப் போட்டிருக்கிறீர்கள். விண்டோஸில் ஓடும் விஎல்சி அதை ஏற்றுக்கொண்டு படத்தை எடுத்துவிடும். லினக்ஸில் அந்தக் கோடு கோப்புறையைப் பிரிக்கும் குறி அல்ல, பெயரின் ஓர் எழுத்து மாத்திரமே; ஆகவே அங்கே அதை நம்பியிருப்பது நல்லதல்ல. எல்லா இடத்திலும் ‘/’ என்ற கோட்டையே போடுங்கள். இந்தக் கோட்டை விண்டோஸும் லினக்ஸும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ளும்.

இரண்டாவது, ஆங்கிலத்தின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும். ‘பிளே’ பொத்தானின் படத்துக்குக் கோப்புறையில் முதல் எழுத்தும் நீட்சியும் (பெயரின் முடிவில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) பெரிய எழுத்துகளில் உள்ளன. தீம் கோப்பிலோ முழுப் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கிறது. விண்டோஸுக்கு இவ்விரண்டும் ஒரே கோப்பு. லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு கோப்புகள். ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிட, எல்லாப் படங்களின் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு, தீம் கோப்பிலும் அவ்வாறே மாற்றிவிடுவது நல்லது. பெயருக்குள் இடைவெளி வேண்டாம். தமிழ் எழுத்தும் வேண்டாம்: ஸிப் செய்யும் மென்பொருளும் விரிக்கும் மென்பொருளும் ஆங்கிலமல்லாத பெயர்களை வெவ்வேறு குறியேற்றத்தில் எழுதிக்கொள்ளக் கூடும் என்பதால், ‘நிறுத்து’ என்று பெயரிட்ட படம் மறுபக்கத்தில் வாசிக்க முடியாத குறிகளின் வரிசையாக இறங்கலாம்.

இனி, பொதி கட்டும் முறை. விஎல்சியின் ஸ்கின் பொதி என்பது ‘விஎல்டி’ என்ற நீட்சி இடப்பட்ட ஒரு சாதாரண ஸிப் கோப்பு அல்லது டார்-ஜிஸிப் கோப்புத்தான். அதற்குள் தீம் கோப்பும், அது குறிப்பிடும் படங்களும், எழுத்துருக் கோப்பும் இருக்க வேண்டும். தீம் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது. விஎல்சி அந்தப் பெயரைத்தான் தேடுகிறது. விண்டோஸில், கோப்புறையை வெளியிலிருந்து தெரிவு செய்யாமல் அதற்குள் நுழைந்து, தீம் கோப்பையும் படக் கோப்புறையையும் தெரிவு செய்து ஸிப் செய்யுங்கள். பின்னர் நீட்சியை மாற்றுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கோப்பு நீட்சிகளைக் காட்டாமல் மறைத்து வைப்பது விண்டோஸின் வழக்கம் என்பதால், நீங்கள் ‘விஎல்டி’ என்று எழுதியதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ‘ஸிப்’ என்ற நீட்சியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பு மேலாளரின் ‘வியூ’ பட்டியலில் நீட்சிகளைக் காட்டும்படி ஒரு முறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

உங்கள் பொதிக்குள், படம் வரையும் மென்பொருளான ஜிம்ப்பின் மூல வரைபடங்கள் ஒன்பதும் இருப்பதைக் கண்டேன். அவற்றைத் தனியே ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள். திருத்தம் செய்ய நாளைக்கு அவை தேவைப்படும். பொதிக்குள் அவற்றுக்கு வேலை இல்லை. விஎல்சி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பொதி முழுவதையும் ஒரு தற்காலிக இடத்தில் விரித்த பிறகே படிக்கிறது. பழைய கணினியில் பொதியின் கனம் கூடினால், அம்மம்மா அவ்வளவு நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டி வரும்.

உபுண்டுவில் பொதியை வைக்க வேண்டிய இடம், பயனரின் சொந்தக் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘.லோக்கல்’ என்பதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘விஎல்சி’, அதற்குள் ‘ஸ்கின்ஸ்2’ என்ற கோப்புறையாகும். இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். அதன் பின் விஎல்சியின் விருப்பத் தெரிவுகளில் இடைமுகப் பக்கத்துக்குச் சென்று, சொந்த ஸ்கின்னைப் பாவிக்கும் தெரிவை அழுத்தி, பொதியைக் காட்டி, சேமித்துவிட்டு, விஎல்சியை மூடித் திறக்க வேண்டும். அப்படியும் ஸ்கின் வராவிட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, விஎல்சி என்ற கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் அதையடுத்து ஆங்கில ‘வி’ எழுத்து இரண்டும் சேர்த்து இயக்குங்கள். திரையில் ஓடும் நீண்ட செய்திகளில், எந்தப் படத்தைத் தேடிக் காணவில்லை என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கும். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

ஒரு வேண்டுகோள். செய்த கணினியிலேயே சோதித்துவிட்டுப் பொதி சரி என்று முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன; குறை தெரியாது. பொதியை மாத்திரம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், உங்கள் வேலைக் கோப்புறை இல்லாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். வேறு கணினி கிடைக்காவிட்டால், உங்கள் கணினியிலேயே புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் திறந்து பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன இரண்டு பிழைகளையும் அந்தச் சோதனை காட்டித் தராது, அவற்றுக்கு லினக்ஸ் கணினியே வேண்டும். மேக் கணினி வைத்திருக்கும் உறவினருக்கு இதை அனுப்ப வேண்டாம். விஎல்சியின் இந்த வகை ஸ்கின்கள் விண்டோஸிலும் லினக்ஸிலும் மாத்திரமே இயங்கும்.

கேள்வி: விஎல்சி ஸ்கின்னின் பொத்தான்களில் ‘நிறுத்து’, ‘அடுத்தது’ என்று நல்ல கறுப்பு நிறத்தில் எழுதினேன். ஸ்கின்னை இட்டவுடன் எழுத்துகள் மறைந்து, அவை இருந்த இடத்தில் கணினித் திரையின் பின்னணிப் படம் தெரிகிறது. எழுத்து இருந்த இடத்தில் சரியாக அழுத்தினால் பொத்தான் வேலை செய்வதும் இல்லை. சற்றுத் தள்ளி அழுத்தினால் வேலை செய்கிறது.
— வாசகர், தம்பலகாமம்

பதில்: நீங்கள் கவனித்துச் சொன்ன கடைசி விடயம்தான் காரணத்தைக் காட்டிக் கொடுக்கிறது. எழுத்துகள் மறையவில்லை, வெட்டப்பட்டிருக்கின்றன. தீம் கோப்பில் ஒவ்வொரு படத்தையும் அறிவிக்கும்போது, அந்தப் படத்தில் எந்த நிறத்தை வெளியாக, அதாவது பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் இடமாக, கொள்ள வேண்டும் என்பதையும் சொல்ல முடியும். அதற்கான சொல் ‘ஆல்ஃபாகலர்’. நீங்கள் அதை எழுதாமல் விட்டால், தூய கறுப்பு, அதாவது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 0 என்ற நிறமே வெளி என்று விஎல்சி எடுத்துக்கொள்கிறது. நீங்கள் எழுதிய கறுப்பும் அதே கறுப்பு. பொத்தானின் வெளியான பகுதியில் சுட்டியின் அழுத்தம் எடுபடாது என்பதால், எழுத்தின் மேல் அழுத்தும்போது ஓட்டைக்குள் விரலை விட்டதுபோல் ஆகிறது.

ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ஃபாகலரை நீங்களே எழுதுங்கள். உங்கள் வரைபடத்தில் ஓர் இடத்திலும் வராத நிறமாக அது இருக்க வேண்டும். சிவப்பு 255, பச்சை 0, நீலம் 255 என்ற பளிச்சென்ற ஊதாச் சிவப்பை இதற்கென்றே ஒதுக்கி வைப்பது ஸ்கின் செய்பவர்களிடையே பழைய வழக்கம். ஆனால் பொத்தானைச் சுற்றி அந்த நிறத்தைப் பூசி வெட்ட முயல வேண்டாம். வளைந்த ஓரங்களில் பொத்தானின் நிறமும் ஊதாச் சிவப்பும் கலந்த புள்ளிகள் சில எஞ்சி நின்று, பொத்தானைச் சுற்றி அழுக்குக் கோடுபோலத் தெரியும். பிஎன்ஜி வகைப் படத்துக்குத் தன்னகத்தே வெளித்தன்மை உண்டு. ஓரங்களை அதைக் கொண்டு செய்துவிட்டு, ஆல்ஃபாகலரைப் பாவிக்காத ஒரு நிறமாக அறிவித்து வைத்தால் இரண்டு தொல்லைகளும் ஒன்றாகத் தீரும்.

கேள்வி: விஎல்சி ஸ்கின்னின் மேற்பகுதியில் ‘திருகோணமலை’ என்று எங்கள் ஊரின் பெயரைப் படமாக அல்லாமல் எழுத்தாகவே இட்டேன். யூனிகோட் எழுத்துருவையும் பொதிக்குள் சேர்த்தேன். இருந்தும் பெயர் சிதைந்து தெரிகிறது. எழுத்துருவில் பிழையா, நான் சேர்த்த முறையில் பிழையா?
— வாசகர், லிங்கநகர்

பதில்: இரண்டிலும் பிழையில்லை. ஊரின் பெயரையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். இந்தச் சிக்கலைக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

யூனிகோடில் ‘கோ’ என்பதை நாம் கையால் எழுதும் ஒழுங்கில் கணினி சேமித்து வைப்பதில்லை. முதலில் ‘க’, அதன் பின் ஓகாரக் குறி ஒன்று, அவ்வளவுதான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக் கொம்பைக் ‘க’வுக்கு முன்னாலும் அரவைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது, எழுத்தைத் திரையில் வரையும் மென்பொருளின் வேலை. ‘லை’யிலும் இப்படித்தான்: சேமிப்பில் ‘ல’ முதலிலும் ஐகாரக் குறி பின்னாலும் இருக்கும், வரையும்போது குறி முன்னே வந்தாக வேண்டும். ‘ரு’வில் இடமாற்றம் இல்லை, ஆனால் ‘ர’வும் உகரக் குறியும் ஒன்றாகி வேறோர் உருவம் பெற வேண்டும். விஎல்சி 3 வரிசையின் ஸ்கின் பகுதி இந்த வேலையைச் செய்வதில்லை. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கு ஓர் ஏற்பாடு அதில் இருக்கிறது; மற்றப்படி எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு குறியையும் வந்த ஒழுங்கிலேயே எடுத்து வரிசையாக வைத்துவிடுகிறது. ஆகவே ‘திருகோணமலை’யில் ‘ரு’, ‘கோ’, ‘லை’ ஆகிய மூன்று இடங்களும் உடைகின்றன. ‘ண’வும் ‘ம’வும் தப்பிவிடுகின்றன. எந்த எழுத்துருவை மாற்றி இட்டாலும் இது மாறாது.

மாறாத சொற்களை, அதாவது ஊர்ப் பெயர், பொத்தான்களின் பெயர்கள் போன்றவற்றைப் படமாகவே வரைந்து இடுங்கள். ஜிம்ப்போ இங்க்ஸ்கேப்போ தமிழைச் சரியாகவே வரையும். இது குறுக்கு வழி அல்ல. இன்றைய நிலையில் இதுவே முறையான வழி. பாடலின் பெயரைத்தான் படமாக்க முடியாது, அது பாடலுக்குப் பாடல் மாறும். உங்கள் பாடல்களின் பெயர்கள் தமிழில் இருந்தால், ஸ்கின்னில் பாடல் பெயர் காட்டும் பகுதியையே விட்டுவிட்டு, பாடற் பட்டியலைத் திறக்கும் பொத்தான் ஒன்றை வைக்கும்படி ஆலோசனை சொல்வேன். அந்தப் பட்டியற் சாளரத்தை ஸ்கின் பகுதி வரைவதில்லை. ‘கியூடி’ என்ற வேறு நிரலகம் வரைகிறது. அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

இன்னொரு வழியையும் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் பாவனையில் இருந்துவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பது. கொம்பை முதலில், எழுத்தைப் பின்னர் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அதில் தட்டச்சு செய்கிறோம். ஆகவே பாமினியைப் பொதிக்குள் வைத்து, அதன் குறியேற்றத்தில் ‘திருகோணமலை’ என்று எழுதினால், இடம் மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் சரியாகத் தெரியும். வழி பலிக்கும், ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. நாளைக்கு உங்கள் தீம் கோப்பைத் திருத்த விரும்பும் இன்னொருவருக்கு அதிலுள்ள தமிழ், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். யூனிகோடில் வரும் பாடல் பெயர்களுக்கும் அது உதவாது.

கேள்வி: ஒரு காலத்தில் நகரத்தில் ரெக்கோடிங் பார் நடத்தியவன். ஒலிநாடாக்களுக்குப் பின் இறுவட்டுகளுக்கு மாறியபோது கடைக் கணினியில் வின்ஆம்ப் பிளேயர் வைத்திருந்தேன். அண்மையில் பழைய இறுவட்டு ஒன்றில் அந்நாளைய ஸ்கின்கள் சில அகப்பட்டன. அவற்றில் ஒன்றை மாற்றி, கோணேசர் மலையின் படத்தைப் பின்னணியாக வைத்து, மீண்டும் பொதியாக்க முடியுமா?
— வாசகர், திருகோணமலை நகரம்

பதில்: தாராளமாக முடியும், ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, கண்ணாடி அலுமாரிக்குள் ஒலிநாடாக்களை அடுக்கி வைத்து, பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

வின்ஆம்ப் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் செந்நெறி ஸ்கின்களின் நீட்சி ‘டபிள்யூஎஸ்இஸட்’; உள்ளே இருப்பது சாதாரண ஸிப். நீட்சியை ஸிப் என்று மாற்றி விரித்தால், பிஎம்பி வகைப் படங்களும் இரண்டு மூன்று உரைக் கோப்புகளும் கிடைக்கும். இங்கே தீம் கோப்பு என்று ஒன்றும் இல்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பது வின்ஆம்ப்புக்குள்ளேயே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது; நாம் மாற்றக் கூடியது அதன் மேற்பூச்சை மாத்திரமே. ஆகவே படங்களின் பெயர்களையும் அளவுகளையும் தொடக் கூடாது. ‘மெயின்’ என்ற படம் 275 புள்ளி அகலமும் 116 புள்ளி உயரமும் கொண்டது. ‘சிபட்டன்ஸ்’ என்ற படம் 136 புள்ளி அகலமும் 36 புள்ளி உயரமும் கொண்டது. மேல் வரிசையில் சாதாரண நிலையிலும் கீழ் வரிசையில் அழுத்திய நிலையிலும் பொத்தான்கள் இருக்கும். ‘விஸ்கலர்’ என்ற உரைக் கோப்பில், இசைக்கேற்ப ஏறி இறங்கும் கோடுகளின் நிறங்கள் 24 வரிகளில் உள்ளன. சேமிக்கும்போது 24 பிட் பிஎம்பியாகச் சேமியுங்கள். எல்லாவற்றையும் திரும்ப ஸிப் செய்து, நீட்சியை மாற்றினால் பொதி தயார். நீங்கள் ஏதேனும் ஒரு படத்தைச் சேர்க்காமல் விட்டாலும் அந்தப் பகுதிக்கு வின்ஆம்ப் தன்னுடைய அடிப்படைத் தோற்றத்தின் படத்தை எடுத்துக்கொள்ளும். எனவே மெயின் படத்தை மாத்திரம் முதலில் மாற்றிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

ஆனால் கோணேசர் மலையின் புகைப்படத்தைப் பற்றி என் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். 275க்கு 116 என்பது தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரிய இடம். அதில் மேலே 14 புள்ளி உயரத்துக்குத் தலைப்புப் பட்டை மறைக்கிறது. இடது பக்கத்தில் நேரமும் கோடுகளும், வலது பக்கத்தில் பாடலின் பெயரும் ஒலி அளவும், கீழே பாடல் ஓடும் பட்டையும் பொத்தான்களும் அமர்ந்துகொள்கின்றன. மலையின் முகடு ஒரு பொத்தானுக்குப் பின்னாலும் கோபுரம் பாடல் பெயருக்குப் பின்னாலும் போய்விடும். எஞ்சுவதைப் பார்த்து இது கோணேசர் மலை என்று யாரும் அடையாளம் காண முடியாது. புகைப்படத்துக்குப் பதிலாக அந்த இடத்தின் நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இராவணன் வெட்டுக்கு மேல் நின்று கீழே பார்த்தால் தெரியும் கடல் நீலம் பின்னணிக்கும், பாறையின் பழுப்பு பொத்தான்களுக்கும், கரையில் உடையும் நுரையின் வெண்மை எழுத்துகளுக்கும் போதும். புகைப்படத்திலிருந்தே அந்த நிறங்களை ஜிம்ப்பின் நிறம் எடுக்கும் கருவியால் தொட்டு எடுக்கலாம்.

ஒரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும் என நினைக்கிறேன். விஎல்சியும் வின்ஆம்ப்பின் இந்தப் பழைய பொதிகளைத் திறக்கும். பொதிக்குள் தீம் கோப்பு இல்லாமல் மெயின் படம் இருப்பதைக் கண்டால், இது வின்ஆம்ப் ஸ்கின் என்று அது தானாகவே புரிந்துகொள்கிறது.

கேள்வி: வாப்பா தொலைக்காட்சியோடு இணைத்த சிறு பெட்டியில் ‘கோடி’ என்ற மீடியா பிளேயரைப் பாவிக்கிறார். அவருக்காக ஒரு கோடி ஸ்கின்னை மாற்றியமைத்து, நீங்கள் சென்ற இதழில் சொன்னபடி கோப்புறைக்குள் நுழைந்து ஸிப் செய்தேன். ‘ஸிப் கோப்பிலிருந்து நிறுவு’ என்று கொடுத்தால், கோப்பின் அமைப்பு சரியில்லை என்கிறது.
— வாசகி, கிண்ணியா

பதில்: சென்ற இதழில் விஎல்சிக்கு என்று தெளிவாகக் குறிப்பிடாமல் எழுதியது என் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கு முறை நேர்மாறானது. ஸிப்பைத் திறந்தவுடன் ஒரேயொரு கோப்புறை இருக்க வேண்டும். மற்ற அனைத்தும் அதற்குள்ளே இருக்க வேண்டும். ஆகவே கோப்புறையை வெளியிலிருந்து தெரிவு செய்து ஸிப் செய்யுங்கள். அந்தக் கோப்புறையின் பெயரும், ‘ஆட்ஆன்.எக்ஸ்எம்எல்’ கோப்பில் நீங்கள் கொடுத்த அடையாளப் பெயரும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாகவே இருக்கட்டும். அது ‘ஸ்கின்’ என்ற சொல்லில் தொடங்கி, ஒரு புள்ளி வைத்து, நீங்கள் ஸ்கின்னுக்கு வைத்த பெயரோடு முடியும். வேறொருவரின் ஸ்கின்னைத் தரவிறக்கி மாற்றியிருந்தால் அடையாளப் பெயரை மாற்ற மறக்க வேண்டாம். மாற்றாவிட்டால் மூல ஸ்கின்னின் அடுத்த பதிப்பு வரும்போது நீங்கள் செய்தவை அனைத்தும் அழிந்துவிடக் கூடும்.

அதே கோப்பில், கோடியின் எந்தத் தலைமுறைக்கான ஸ்கின் என்பதையும் ஒரு பதிப்பெண் சொல்கிறது: கோடி 19க்கு 5.15.0, 20க்கு 5.16.0, 21க்கு 5.17.0. வாப்பாவின் பெட்டியில் உள்ள கோடி எது என்று முதலில் பார்த்துவிட்டு அதற்குரிய எண்ணை இடுங்கள். படங்களை டெக்ஸ்சர்பேக்கர் என்ற கருவியால் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டால் சிறு பெட்டியில் ஸ்கின் விரைவாகத் திறக்கும். கட்டிய பின்னர் தனிப் படங்களைப் பொதியிலிருந்து நீக்கிவிடுங்கள். நிறுவும் முன்பு, கோடியின் அமைப்புகளில் அறியாத மூலங்களிலிருந்து நிறுவுவதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: புறாத்தீவின் படத்தை வைத்துச் செய்த விஎல்சி ஸ்கின்னை நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். படம் இணையத்தில் கிடைத்தது. எழுத்துரு விண்டோஸில் இருந்த லதா. அப்படியே கொடுக்கலாமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: உங்கள் வீட்டுக் கணினியோடு நின்றுவிடும்வரை இந்தக் கேள்வி எழாது; பொதியாக்கிப் பலருக்குக் கொடுக்கும்போது எழுகிறது. படத்தை எடுத்தவரின் அனுமதி இல்லாவிட்டால் அதை நீக்கிவிடுங்கள். நிலாவெளிக் கரையில் இருக்கும் உங்களுக்கு, புறாத்தீவை நீங்களே படமெடுப்பதற்கு ஒரு காலை நேரம் போதும். லதா விண்டோஸோடு வரும் எழுத்துரு; அதன் கோப்பைப் பொதிக்குள் வைத்து விநியோகிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குப் பதிலாக நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்க்கலாம். அதன் திறந்த உரிமம் இதை அனுமதிக்கிறது, உரிமத்தின் உரைக் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. லிங்கநகர் வாசகருக்குச் சொன்னபடி தமிழ்ச் சொற்களைப் படமாக்கி இட்டால் எழுத்துருக் கோப்பே தேவைப்படாது. விஎல்சியின் செம்மஞ்சள் கூம்பு விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் வணிகக் குறி என்பதால், உங்கள் ஸ்கின்னின் சின்னமாக அதை வைக்காதீர்கள்.

இவற்றோடு, தமிழில் ஓர் உரைக் கோப்பும் பொதியோடு போகட்டும். ஸ்கின்னின் பெயர், செய்தவர், செய்த திகதி, எந்தப் பிளேயரின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், பொதியை எந்தக் கோப்புறையில் வைக்க வேண்டும், வழமையான தோற்றத்துக்குத் திரும்புவது எப்படி என்ற ஆறு விபரங்கள் போதுமானவை. கடைசி விபரத்தைப் பலர் எழுதுவதில்லை; ஸ்கின் பிடிக்காதவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.